முதுகில் படாத கை

என் நைனா பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நடு வழியில் கை காட்டி பஸ்ஸை நிறுத்துவார், ஏறுவார், முன்படியிலிருந்து பின்படி வரைக்கும் ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கிப் பார்ப்பார். டிக்கெட்டைவிட ஆளின் கண்ணைத்தான் அதிகம் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்த வேலையை அவர் பஸ்ஸோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை. நான் சினிமாவுக்குப் போய்விட்டு வந்து ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னால் மூன்று கேள்வி கேட்பார். எந்த வாத்தியார்? எந்த ரூம்? ஃபேன் ஓடிச்சா? முதல் இரண்டையும் தாண்டிவிடுவேன். மூன்றாவதில் மாட்டிக்கொள்வேன்.

இப்படி வளர்ந்ததால் யாரையும் நம்பாமல் இருப்பது ஒரு கெட்டிக்காரத்தனம் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. கடையில் சில்லறை வாங்கினால் மூன்று தடவை எண்ணுவேன். யாராவது என்னைப் புகழ்ந்தால் இவனுக்கு என்ன வேணுமாம் என்று யோசிப்பேன். இருபது வயது வரைக்கும் அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் வரவில்லை. நஷ்டம் வந்தபோது அது இன்னொருத்தன் கையில் விழுந்தது.

எண்பதுகளின் நடுவில் அது. செஞ்சியிலிருந்து தினமும் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போய் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் ஜிம்னாஸ்டிக் டீமில் இருந்தேன். டீம் என்றவுடன் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துருப்பிடித்த ஒரு சிங்கிள் பார், ஒரு கால் ஆடுகிற டபுள் பார், தோல் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்க்கும், தாண்டிக் குதிக்கிற ஒரு ஹார்ஸ், இவ்வளவுதான் எங்கள் சொத்து. ஆறு பேர் டீம், ஏழாவதாக ஒருத்தன் எக்ஸ்ட்ரா. ஆறு பேரில் யாருக்காவது அடிபட்டால் ஏழாவது ஆள் உள்ளே வருவான். இந்தக் கணக்கை நான் எப்போதும் மனதில் வைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரு எதிர்க் காலேஜ் இருந்தது. வருஷா வருஷம் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு மீட் நடக்கும். ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. அதற்கு முந்தின வருஷம் எங்கள் மைதானத்திலேயே வந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள். தோற்றதுகூடப் பெரிதில்லை. சிங்கிள் பாரில் நாங்கள் மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த வித்தை வரிசையை, ஒன்று மாறாமல், எங்களுக்கு முன்னால் ஏறி அவர்கள் செய்து காட்டினார்கள். அப்புறம் நாங்கள் ஏறியபோது ஏதோ அவர்களைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் மாதிரி ஆகிவிட்டது. அதிலும் நான் கடைசியில் இறங்கும்போது மண்டியிட்டு விழுந்தேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக என் காதிலேயே இருந்தது.

எங்களில் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்று பேச்சு வந்தது. பி.டி. சார் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"அவங்க சாரும் நானும் ஒரே எடத்துல ட்ரெய்னிங் எடுத்தவங்கடா. அவரு சொல்லிக்குடுக்கிறதும் நான் சொல்லிக்குடுக்கிறதும் ஒண்ணாதான் இருக்கும். போய் வேலையப் பாருங்க" என்றார்.

யாரும் நம்பவில்லை. நான் சுத்தமாக நம்பவில்லை.

அந்த வருஷம் புயலில் காலேஜ் ஷெட்டின் தகரக் கூரை பறந்துவிட்டது. மீட்டுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. பி.டி. சாருக்கு வீடு செஞ்சியில். பஜாருக்குப் பின்னால் ஒரு மல்லாட்டை மில் இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கேஸில் அந்த மில் மூடிக் கிடந்தது. அண்ணன்காரர் சாருக்குத் தெரிந்தவர். அவரிடம் பேசி, காய வைக்கும் களத்தைக் கேட்டு வாங்கினார். சாமான்களை ஒரு லாரியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினோம். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி சிங்கிள் பாரை நிறுத்தினோம். சுற்றிலும் மதில். வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. கோட்டை மலைமேல் ஏறினால் ஒருவேளை தெரியலாம் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாள் காலையில் அந்த ராஜகிரி மலையை ஒரு தடவை திரும்பிப் பார்க்காதவன் எங்களில் ஒருத்தனும் இல்லை.

மெத்தை கிடையாது. ஆனால் மில்லின் மூலையில் மல்லாட்டைத் தோல் மலைபோலக் குவிந்து கிடந்தது. அதைச் சாக்கில் அடைத்து, வாயைத் தைத்து, பன்னிரண்டு மூட்டைகளைப் பாருக்குக் கீழே இரண்டு அடுக்காகப் போட்டோம். விழுந்தால் சரக்கென்று ஒரு சத்தம் வரும், தூசி எழும்பும், உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் அடி படாது. வெளியூர்க்காரனுக்குச் சொன்னால் சிரிப்பான். எங்களுக்கு அந்த மூட்டைகள் பெரிய தெம்பு.

சந்தேகம் அங்கேயும் எங்களோடு குடிவந்தது. ஐஸ் பெட்டி சைக்கிள்காரர் ஒருத்தர் கேட்டருகில் நின்று மணி அடித்தால், இந்தக் காலை வேளையில் எவன் ஐஸ் வாங்குவான், இவன் எதிர்க் காலேஜ் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். டீமில் ஒருத்தன் மேல்சித்தாமூர், ஜைன வீட்டுப் பையன். சார் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை தருவார். அவன் முட்டை தொட மாட்டான் என்பதால் அவன் பங்குக்கு எங்களுக்குள் அடிதடி நடக்கும். பொழுது சாயும் முன்னால் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று சாயங்காலப் பயிற்சியிலிருந்து அவன் சீக்கிரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அது அவர்கள் வழக்கம், ஊருக்கே தெரியும். அப்படியும் ஒருநாள் பஜார் திரும்பும் வரைக்கும் அவன் பின்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

ஆனால் ஒருத்தன்மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அவன்தான் ஏழாவது ஆள், எக்ஸ்ட்ரா. தளவானூரில் விவசாயக் குடும்பம். முதல் வருஷத்திலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பஸ். அவனை எல்லோரும் தளவானூரான் என்றே கூப்பிடுவோம்.

ஜிம்னாஸ்டிக்கில் பிடிக்கிற ஆள் என்று ஒருத்தன் உண்டு. ஒருத்தன் பாரில் வித்தை செய்யும்போது கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்பான். தவறி வந்தால் தாங்குவான். எனக்கு அவன் பிடிப்பான், அவனுக்கு நான் பிடிப்பேன். என் வரிசையின் கடைசி இதுதான்: பாரில் மூன்று வீச்சு வீசி, மூன்றாவதன் உச்சியில் கையை விட்டு, காற்றில் பின்பக்கமாக ஒரு கரணம் போட்டு, இரண்டு காலும் ஒன்றாக ஊன்றி நிற்க வேண்டும். போன வருஷம் மண்டியிட்டது இதில்தான். இந்த வருஷம் நின்று இறங்கினால் யுனிவர்சிட்டி டீமுக்குக் கூப்பிடுவார்கள் என்று சார் சொல்லியிருந்தார். நைனாவோ, இந்த வருஷத்தோடு தாவுவது குதிப்பது எல்லாவற்றையும் மூட்டை கட்டு, கண்டக்டர் லைசென்ஸ் எடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்தது அந்த ஒரு இறக்கம்தான்.

எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. கரணத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பயம். கை பாரை விட்டதும் தானாக மூடிக்கொள்ளும். பிறகு முதுகில் தளவானூரானின் கை படும். நெல் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன, முறம்போல அகலமான கை. அது பட்டதும் தரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். காலை ஊன்றிவிடுவேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

மீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் அந்தக் கை படவில்லை.

எப்படியோ மூட்டைமேல் நின்றுவிட்டேன், கொஞ்சம் தள்ளாடி. திரும்பிப் பார்த்தேன். அவன் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றான்.

"இன்னாடா, புடிக்கலியா?" என்றேன்.

"புடிச்சனே."

"எங்க புடிச்ச? கை படவே இல்ல."

"லேசா பட்டிருக்கும், உனக்குத் தெரியல. மேல ஏறு, அடுத்தது பண்ணு."

அவன் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். டிக்கெட் இல்லாத ஆள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான் என்று நைனா சொல்வார். தளவானூரான் அப்போது மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாளும் கை படவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் பாரில் ஏறும்போது கையை நீட்டி நிற்பான். இறங்கித் திரும்பும்போதும் நீட்டி நிற்பான். நடுவில் என்ன நடக்கிறது என்றுதான் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கலாம். அதற்குத் தைரியம் வரவில்லை. பொய் சொல்கிறான் என்பது மட்டும் நிச்சயம். ஏன் பொய் சொல்ல வேண்டும்? நான் விழ வேண்டும். நான் விழுந்தால் அவன் ஆறாவது ஆள். கணக்கு கச்சிதமாக வந்தது. தப்பான கணக்குக்கும் அப்படி விடை வருவதுண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. மூட்டைகள் குறைந்தன. நான்தான் எண்ணுகிற ஆளாயிற்றே. பன்னிரண்டு இருந்தது பதினொன்று ஆயிற்று. இரண்டு நாள் கழித்துப் பத்து. செங்கல் சூளைக்காரர்கள் எரிப்பதற்கு மல்லாட்டைத் தோல் வாங்குவார்கள். ஒருநாள் காலை நான் சீக்கிரம் போனபோது தளவானூரான் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மில்லுக்குள் போவதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

"அத்த எங்க எடுத்துகினு போற?"

"சாக்கு கிழிஞ்சிருச்சி. உள்ள போட்டுட்டு வரேன்."

அவன் போன பிறகு எட்டிப் பார்த்தேன். சாக்கு கிழியவில்லை, தையல்கூடப் பிரியவில்லை. திருடன் என்று பட்டம் கட்டிவிட்டேன், மனதுக்குள். வாயால் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நைனா சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்:

"உன் சிநேகிதன் தளவானூர்க்காரன போன வாரம் பஸ்ல பாத்தேன், சொல்ல மறந்துட்டேன். டிக்கெட் கரெக்டா வச்சிருந்தான். எங்கப்பா போறன்னு கேட்டேன். சும்மா, சொந்தக்காரங்க வூடுன்னான்."

"எந்த ஊரு டிக்கெட்டு?"

நைனா ஊர்ப் பெயரைச் சொன்னார். எதிர்க் காலேஜ் இருக்கிற ஊர்.

"அங்க அவனுக்கு யாரும் சொந்தம் இல்லியே" என்றேன்.

"எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சி. மொகமே சரியில்ல" என்றார் நைனா. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

வரிசையைச் சொல்லிக்கொடுக்கத்தான் போயிருக்கிறான். போன வருஷம் காட்டிக்கொடுத்ததும் இவன்தான். கை, மூட்டை, பஸ், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. சாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். தளவானூரானையே சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. எனக்குள் வேறு ஒரு எண்ணம் வந்துவிட்டது. நீ கையை எடுத்தால் நானும் எடுப்பேன்.

மீட்டுக்கு இரண்டு நாள் முன்னால். காலை வெயில் மதிலுக்கு மேலே ஏறியிருந்தது. எக்ஸ்ட்ரா ஆளும் முழு வரிசையையும் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும் என்றார் சார். தளவானூரான் உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "ரெடியா?" என்றான். "ரெடி" என்றேன். கையை நீட்டி நின்றேன்.

மூன்று வீச்சு வீசினான். பாரை விட்டான். அவன் உடம்பு காற்றில் சுருண்டு வந்தது. நான் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நழுவவில்லை, நடுங்கவில்லை. எடுத்தேன். இதை இங்கே நேராக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நேராகச் சொல்லவில்லை. கீழே அப்போது ஆறு மூட்டைதான் இருந்தது, ஒரே அடுக்கு. அவன் அதன் விளிம்பில் பக்கவாட்டில் விழுந்து சிமெண்ட் களத்தில் உருண்டான். வலது முழங்கையிலிருந்து விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவன் கத்தவில்லை. கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கை நழுவிடுச்சி சார்" என்றேன்.

சார் ஓடிவந்து துண்டால் அவன் கையைக் கழுத்தோடு கட்டினார். மேல்சித்தாமூர்க்காரன் போய் ஒரு குதிரை வண்டியைக் கூட்டிவந்தான். பெரியாஸ்பத்திரியில் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது நானும் சாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என் தப்புதான்டா. மூட்டைய இவ்ளோ கொறச்சிருக்கக் கூடாது. உனக்காகக் கொறச்சேன், அவனுக்கு வெனையா முடிஞ்சிது."

"எனக்காகவா?" என்றேன்.

சார் சொன்னார். எதிர்க் காலேஜில் இறங்கும் இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவர தளவானூரானைத்தான் அனுப்பியிருக்கிறார். ரகசியமாக. இரண்டு விரல் கனத்துக்கு ஒரு தேங்காய் நார் மெத்தை, அவ்வளவுதான் என்று அவன் வந்து சொன்னான். பன்னிரண்டு மூட்டையில் இறங்கிப் பழகியவன் அதில் நிற்க மாட்டான். அதனால் எனக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். மீட்டில் பிடிக்கிற ஆள் பக்கத்தில் நிற்கலாம், கை பட்டால் மார்க் போய்விடும். அதனால் பிடிக்காதே, ஆனால் பிடிக்கிற மாதிரி நில் என்றார்.

"நீ கரணத்துல கண்ண மூடிக்கிறன்னு எனக்குத் தெரியாதா? சொன்னா பயந்துக்குவ. அதான் அவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கினேன், உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு. அவனுக்கு இஷ்டமே இல்ல. அவன் கேட்டா இன்னா சார் சொல்லுவேன், எனக்குப் பொய் சொல்ல வராதேன்னு பொலம்பினான். பத்து நாளா நீ தனியாதான்டா எறங்கிகினு இருக்க. யாரும் உன்னத் தொடல."

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் நான் நின்றிருக்கிறேன். என் சொந்தக் காலில். அதை எனக்குக் கொடுத்தவன் உள்ளே கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். சாரிடம் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை. சொல்லவில்லை. சொன்னால் டீமை விட்டு எடுத்துவிடுவார் என்ற பயம். வெட்கமும்தான், ஆனால் பயம் வெட்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மீட்டன்று தளவானூரான் வந்தான். வீட்டில் இரு என்று சார் சொல்லியும் கேட்கவில்லை. கழுத்தில் தொங்கவிட்ட கட்டோடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். சிங்கிள் பார் வந்ததும், "நான்தான் இவனுக்கு நிப்பேன்" என்று சாரிடம் சொன்னான். ஒற்றைக் கையோடு பிடிக்கிற ஆளா என்று எதிர்க் காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். அவன் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

நான் வீசினேன். மூன்றாவது உச்சியில் பாரை விட்டேன். அன்று கண்ணை மூட முடியவில்லை. வானம் கீழே போனது, கூட்டம் தலைகீழாக வந்தது, அதில் ஒரு வெள்ளைக் கட்டும் ஒரு கையும் தெரிந்தது. அந்தக் கை பின்வாங்கவில்லை. என் முதுகுக்கு நாலு விரல் தள்ளி, தொடாமல், நான் இறங்கும் வரைக்கும் கூடவே வந்தது. நின்றேன். ஒரு அடிகூட நகரவில்லை. கூட்டம் கை தட்டியது. எனக்கு அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மொத்தத்தில் நாங்கள் கொஞ்ச மார்க்கில் தோற்றோம். அதை இப்போது யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவன், இந்தப் பக்கம் நான். வழியில் ஒரு கிராமத்து ஸ்டாப்பிங்கில் பஸ் நின்றபோது அவன் சொன்னான்:

"டேய், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி என்னப் புடிக்க வேணாம்னு சார்தான சொன்னாரு உங்கிட்ட? உனக்கு நான் செஞ்ச மாதிரியே?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு சந்தேகமும் தெரியவில்லை. தப்பிக்க ஒரு கதவு, அகலத் திறந்து கிடந்தது.

"ஆமாம்" என்றேன்.

"அதான பாத்தேன். எங்கிட்ட சொல்லியிருக்கலாம் சாரு. செரி விடு, உன் மேல தப்பு இல்ல. நான்தான் ரெடியாவல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எனக்குப் புது வேலை கிடைத்தது. இவன் சாரிடம் கேட்டுவிடுவானோ என்று காவல் காப்பது. இரண்டு மாதம் கட்டு மாற்ற அவனை சார்தான் கூட்டிப்போனார். ஒவ்வொரு தடவை அவர்கள் போய்விட்டு வந்த பிறகும் சாரின் முகத்தைப் பார்ப்பேன், அவன் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. அவன் கை ஒட்டியது, ஆனால் முழுசாக நீளவில்லை. சாப்பிடலாம், எழுதலாம், மூட்டை தூக்கலாம். பாரில் தொங்க முடியாது. யுனிவர்சிட்டி டீமுக்கு என்னைக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. நான் போகவில்லை. பெரிய தியாகம் இல்லை அது. பாரைப் பார்த்தாலே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கண்டக்டர் லைசென்ஸ் எடுத்தேன். நைனாவுக்குச் சந்தோஷம்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு பொங்கலுக்கு முன்னால், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். தளவானூரான் புது மல்லாட்டை ஒரு மூட்டை கொண்டுவந்து வாசலில் இறக்கினான். வருஷா வருஷம் கொண்டுவருவான். அம்மா காபி போட உள்ளே போனாள். நான் ஏணியில் இருந்தேன். ஏணி கொஞ்சம் ஆடியது. அவன் வந்து பிடித்துக்கொண்டான், ஒரு நேர்க் கையும் ஒரு வளைந்த கையுமாக.

இரண்டு படி ஏறிவிட்டுக் கீழே பார்த்தேன். இன்னொரு படி ஏறிவிட்டு மறுபடி பார்த்தேன். நாலாவது படியிலும் பார்த்திருப்பேன், அதற்குள் அவன் சொன்னான்:

"பாக்காத, ஏறு. நான் கைய எடுக்க மாட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடு ஏணியில் நின்றேன். கையிலிருந்த மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவன் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரியும்."

"எப்பத்துலேந்து?"

"அப்பவே. நீ கைய பின்னால கட்டுனத பாத்துகினேதான விழுந்தேன். நான் கண்ண மூட மாட்டன்டா."

அப்படியானால் பஸ்ஸில் அந்தக் கேள்வியை ஏன் கேட்டான் என்பதுதான் மூன்றாவது கேள்வி. அது என் வாய் வரைக்கும் வந்தது. பதில் எனக்கே தெரிந்திருந்தது. என்னைத் தாங்குவதற்குக் கேட்டான். அதையும் நான் டிக்கெட் மாதிரி வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அவனையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"நான்தான்டா எடுத்தேன். வேணும்னே எடுத்தேன்" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"செரி. சுண்ணாம்பு மேல ஊத்துது பாரு, சீக்கிரம் அடி" என்றான்.

கீழே பார்க்காமல் மீதிப் படிகளை ஏறினேன். ஏணி ஆடவில்லை.